வடிவாத் தெரியேல்ல: ஒரு படத்தொகுப்பைத் திரும்பச் செய்த கதை

"கொஞ்சம் வடிவாக் காட்டுங்கோ பிள்ளையள். இது ஆரெண்டு விளங்கேல்ல."

இரண்டு வருசத்துக்கு முதல் கண்டாவளையில், ஒரு பொதுநோக்கு மண்டபத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி நாங்கள் படம் காட்டிக்கொண்டிருந்தோம். முன்வரிசையில் இருந்த அம்மம்மா ஒராள்தான் இப்படிக் கேட்டா. நாங்கள் அப்போது பல்கலைக்கழகம் போகத் தொடங்கி ஒரு வருசம்தான். லீவில் வந்து நின்ற நேரம் 'எங்கட ஊர்' எண்டு ஒரு ஸ்லைட்ஷோ செய்திருந்தோம். மொத்தம் 48 படங்கள். இரணைமடுக் குளம், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளம், புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கல், 2018 டிசெம்பர் வெள்ளம், பழைய பள்ளிக்கூடப் படங்கள் எண்டு கிடைத்ததெல்லாம் போட்டிருந்தோம்.

படங்கள் எங்கேயிருந்து வந்தன? பேஸ்புக், கூகுள், ஊர் வட்ஸ்அப் குழுக்கள். போனில் பார்த்தபோது எல்லாம் நல்லாத்தான் இருந்தது. வேட்டியில் விழுந்தபோதுதான் விசயம் தெரிந்தது.

அந்த அம்மம்மா கேட்டது 1980களில் எடுத்த ஒரு படத்தைப் பற்றி. வயலுக்குள் ஒரு உழவு மெசினோடு நாலு பொடியள் நிற்கிறார்கள். அவ எழும்பி வந்து சுவருக்குக் கிட்ட நின்று பார்த்தா. கிட்டப் போகப் போக அந்த நாலு பேரும் சதுரம் சதுரமாய்ப் போனார்கள். "அதில எங்கட தம்பியும் நிக்கிறான் எண்டு சொன்னவை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் இருந்தா. நாங்கள் அடுத்த படத்துக்குப் போய்விட்டோம். வேற என்ன செய்ய?

அன்று இரவே கணக்குப் பார்த்தோம். அந்தப் படம் 320க்கு 240 புள்ளி. மொத்தம் 76,800. புரொஜெக்டர் காட்டுவது 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளி. எங்கட படத்தின் ஒவ்வொரு புள்ளியும் 27 புள்ளியின் இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு மனிதரின் முகத்துக்கு அந்தப் படத்தில் மொத்தமே நூறு புள்ளி தேறாது. அதற்குள் கண் எது, மூக்கு எது எண்டு ஆர் சொல்லுறது?

சரி, பெரிய படங்களை எடுத்துப் பழையதுக்குப் பதிலாப் போடுவம் எண்டு முடிவெடுத்தோம். இரண்டு மூன்று இரவில் முடியும் என்று நினைத்தோம். எட்டு மாதம் எடுத்தது. ஏன் எடுத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. பெரிய படம் எண்டது ஒரு கொம்பியூட்டர் வேலை என்று நினைத்துத் தொடங்கிய நாங்கள், அது ஒரு வரலாற்று வேலை என்று விளங்கி முடித்தோம்.

கண்ணாடியில் இருந்து பைலுக்கு

ஸ்லைட் என்ற சொல்லே பழசு. 19ஆம் நூற்றாண்டில் மாய விளக்கு என்ற கருவிக்குள் கண்ணாடித் தகடுகளைத் தள்ளித் தள்ளிச் சுவரில் படம் காட்டினார்கள். தள்ளி நகர்த்துவதால் அது ஸ்லைட். பிறகு 35 மில்லிமீற்றர் வர்ணப் பிலிம் வந்தது. 1961இல் கொடாக் நிறுவனம் வட்டத் தட்டில் ஸ்லைட் அடுக்கும் கரோசல் புரொஜெக்டரை விற்கத் தொடங்கியது. 2004இல் அந்த உற்பத்தியை நிறுத்தியது. 1987இல் வந்த பவர்பொயின்ட் தகட்டையும் பிலிமையும் இல்லாமல் பண்ணிவிட்டு, சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. 35 மில்லிமீற்றர் ஸ்லைட் ஒன்று தபால் முத்திரையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆனால் அதை 4000 டிபிஐயில் ஸ்கான் செய்தால் ஏறக்குறைய 5600க்கு 3700 புள்ளி வரும். புரொஜெக்டருக்குள் போனது கமராவுக்குள் இருந்து வந்த அதே பிலிம். மூலமே சுவரில் விழுந்தது. இண்டைக்கு எங்களிடம் வருவது பிரதியின் பிரதியின் பிரதி. டிஜிட்டல் பைலை எத்தனை தரம் பிரதி எடுத்தாலும் தரம் குறையாது என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், சும்மா பிரதி எடுத்தால். நாங்கள் சும்மா பிரதி எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், ஸ்கிரீன்ஷொட் அடிக்கிறோம், பேஸ்புக்கில் ஏற்றுகிறோம். ஒவ்வொரு தரமும் படம் சுருங்குது, அழுத்துப்படுது. ஒரு படத்தை எத்தனை பேர் விரும்பிப் பகிர்ந்தார்களோ அத்தனைக்கு அது தேய்ந்துபோகுது.

ஆகவே பெரிய படம் தேடுவது என்றால் பின்னால் நடக்க வேண்டும். இந்தப் பிரதி எந்தப் பிரதியில் இருந்து வந்தது, அது எதில் இருந்து வந்தது எண்டு வம்சம் பார்க்கிற மாதிரி.

இந்த வேலையை உலகத்தில் பெரிசாகச் செய்த ஒரு கதை இருக்கு. 1966, 67ஆம் ஆண்டுகளில் நாசா ஐந்து லூனார் ஓர்பிட்டர் கலங்களைச் சந்திரனுக்கு அனுப்பியது. அப்பலோ எங்கே இறங்கலாம் எண்டு பார்க்கத்தான். 1966 ஓகஸ்ட் 23 அன்று முதல் கலம், சந்திரனின் விளிம்புக்கு மேலால் பூமி தெரிகிற படம் ஒன்றை எடுத்தது. உலகம் பார்த்தது கோடு கோடாய் விழுந்த ஒரு மங்கல் பிரதியை. மூலப் பதிவுகள் சுமார் 1,500 காந்த நாடாக்களில் இருந்தன. அவற்றை அழிய விடாமல் காத்தவர் நான்சி எவன்ஸ் என்ற ஆவணக் காப்பாளர். நாடாக்களை வாசிக்கிற பென்னாம்பெரிய இயந்திரங்கள் பல வருசம் அவரின் வீட்டு வாகனக் கொட்டிலில் கிடந்தன. 2007 அளவில் டெனிஸ் விங்கோ, கீத் கவ்விங் என்ற இருவர் அந்த வேலையைக் கையில் எடுத்து, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் மூடிக் கிடந்த ஒரு மக்டொனால்ட்ஸ் கடைக் கட்டடத்துக்குள் இயந்திரங்களைத் திருத்தி ஓட்டினார்கள். 2008 நவம்பரில் அதே பூமிப் படம் திரும்ப வெளிவந்தது. 42 வருசம் ஆரும் பார்க்காத தெளிவு அதில் இருந்தது. புதுசாக ஒன்றையும் யாரும் வரையவில்லை. தெளிவு முதலில் இருந்தே நாடாவில் இருந்தது. நாடாவை எறியாமல் ஒராள் வைத்திருந்தா, அவ்வளவுதான்.

எங்களுக்கும் அப்படி ஒரு கொட்டில் வேண்டியிருந்தது.

எது தெளிவாக இருக்கிறது?

தேடத் தொடங்கியதும் ஒரு விசயம் முகத்தில் அடித்தது. கிளிநொச்சி எண்டு தேடினால் பெரிய, தெளிவான படங்கள் இல்லாமல் இல்லை. விழுந்து கிடக்கிற தண்ணீர்த் தாங்கி, உடைந்த சுவர்கள், இராணுவ வாகனங்கள், வரிசையில் நிற்கிற சனம். நல்ல கமராவோடு வந்த வெளியாட்கள் எடுத்தவை. நாலாயிரம், ஐயாயிரம் புள்ளி அகலம். அதே ஊரின் கலியாணம், சூடடிப்பு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாம் இருநூறு, முந்நூறு புள்ளிதான். எங்கட அழிவு உயர்ந்த தெளிவில் இருக்கு, எங்கட சீவியம் மங்கலாய் இருக்கு.

அழிவிலும் தெளிவுக்கு ஒரு எல்லை இருந்தது. 2009 ஏப்ரலில் ஐ.நா.வின் செய்மதிப் பட ஆய்வுப் பிரிவான யுனோசாட், முள்ளிவாய்க்கால் பக்கத்தை வானத்தில் இருந்து எடுத்த படங்களை ஆராய்ந்தது. அந்தக் காலத்தில் வெளியில் வாங்கக்கூடிய மிகத் தெளிவான செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் அரை மீற்றர். மூன்று மீற்றருக்கு நாலு மீற்றர் தறப்பாள் கொட்டில் ஒன்றுக்கு 48 புள்ளி. மேலிருந்து பார்க்க ஒரு ஆளுக்கு ஒரேயொரு புள்ளி. அந்த வருசம் தை மாதம் எங்கட வீட்டு ஆக்கள் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு எண்டு நகர்ந்து போய் நின்ற இடம் அது. எங்களில் பலர் அப்போது தூக்கிக்கொண்டு போகப்பட்ட குழந்தைகள். நாங்களும் அந்தப் படங்களில் எங்கேயோ ஒரு புள்ளி.

அந்தப் பாதையில்தான் அல்பங்களும் போயின. அரிசிப் பையா, அல்பமா என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஒரே விடைதான். சில வீடுகளில் மிஞ்சியது அடையாள அட்டைப் படம் மட்டும். இலங்கையில் 1972இல் தேசிய அடையாள அட்டை வந்த பிறகு, வாழ்நாளில் ஒரு தரமாவது ஸ்ரூடியோவில் போய் இருந்த ஆக்கள் கனபேர். அந்தச் சின்னப் படத்தைப் பெரிசாக்கித்தான் இண்டைக்கு மாலை போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கட ஊர் வீடுகளில் சுவரில் தொங்குகிற முகங்கள் ஏன் எல்லாம் ஒரே மாதிரி நேராய்ப் பார்க்கின்றன எண்டு சின்ன வயதில் யோசித்திருக்கிறோம். காரணம் இதுதான்.

அச்சில் வந்தது ஏதும் இருக்குமா எண்டு பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் தேடினோம். அச்சுப் படம் வேற மாதிரி. பூதக்கண்ணாடியால் பாருங்கள், முழுக்க மைப் புள்ளிகள். எவ்வளவு கூட்டி ஸ்கான் செய்தாலும் புள்ளி பெரிசாகுமே தவிர முகம் தெளியாது. நெகட்டிவ் இருந்தால்தான் வழி. ஆனால் எங்கட வடக்கில் நெகட்டிவும் தாளும் சேர்ந்தே எரிந்த வரலாறும் இருக்கு. 1981 மே 31 இரவில் தொடங்கிய அந்த நாட்களில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. மூலம் இல்லாமல் போன இடத்தில், ஆரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கிற மங்கல் தாளே மூலம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அப்படிப்பட்ட தாள்களைத்தான் ஸ்கான் செய்து சேர்த்துக்கொண்டு வருகிறது. அதன் ஆவணகம் தளத்தில் படங்களும் ஒலிப்பதிவுகளும்கூட இருக்கின்றன. சும்மா கிடக்கிற தாள் எண்டு எதையும் நினைக்க ஏலாது.

தலைப்பு பிழை

பெரிய பிரதி கிடைக்கக் கிடைக்க எங்கட பிழைகளும் வெளியில் வந்தன. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

'பழைய இரணைமடு' எண்டு பேஸ்புக்கில் ஓடித் திரிகிற ஒரு படத்தை நாங்களும் போட்டிருந்தோம். படத்தை வைத்துத் தேடியபோது வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றில் அதன் பெரிய பிரதி கிடைத்தது. கீழே இருந்த குறிப்பில் அது அநுராதபுரப் பக்கத்துக் குளம். எடுத்த ஆண்டோ 1902க்கு முந்தியது. இரணைமடுக் கட்டு வேலை தொடங்கியதே 1902இல்தான். கட்டாத குளத்துக்கு நாங்கள் படம் காட்டியிருக்கிறோம்!

இன்னொரு படம், 'பரந்தன் ரயில் நிலையம், யாழ்தேவி வந்த காலம்' எண்டு போட்டது. சின்னப் பிரதியில் பெயர்ப்பலகை வெறும் வெள்ளைத் திட்டு. படத்தின் சொந்தக்காரர் மூலப் படத்தைத் தந்தார். ஆறுக்கு நாலு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்ய 3600க்கு 2400 புள்ளி வந்தது. பலகையைப் பெரிசாக்கிப் பார்த்தால் மூன்று மொழியிலும் 'பளை'. மண்டபத்தில் அறுபது எழுபது பேர் இருந்து, ஒருத்தரும் பிழை சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவது? வாசிக்கக் கூடியதாய் இருந்தால்தானே.

மங்கலான படம் நாங்கள் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். தெளிவான படம் எங்களோடு வாதாடும். வரலாறு படிக்கிற பிள்ளையளுக்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பில் கிடைக்கவில்லை.

"இது எங்கட ஆள் இல்லை"

இனி அந்த உழவு மெசின் படம்.

மூலப் படத்தைத் தேடிக் களைத்த நேரம், எங்களில் ஒருத்தர் செயற்கை நுண்ணறிவு செயலி ஒன்றில் அந்த 320 புள்ளிப் படத்தைப் போட்டார். அரை நிமிசத்தில் வந்துவிட்டது. நாலு முகமும் பளிச்செண்டு. கண் இமைகூடத் தெரியுது. உண்மையைச் சொன்னால் நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அடுத்த நாள் காலமை அந்த அம்மம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம்.

அவ கனநேரம் பார்த்தா. பிறகு போனைத் திருப்பித் தந்தா.

"வடிவான பொடியன்தான். ஆனா இது எங்கட ஆள் இல்லை."

செயலி என்ன செய்யும் என்று பிறகுதான் ஒழுங்காய் வாசித்தோம். இல்லாத தகவலை அது எங்கேயும் போய் எடுத்து வராது. லட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகியிருப்பதால், இந்தப் புள்ளிகளுக்கு எந்த மாதிரி முகம் பொருந்தலாம் எண்டு ஊகித்து ஒன்றை வரைந்து தரும். மூக்கும் கண்ணும் ஆருடையதோ. வீட்டுப் படத்துக்கு அது விளையாட்டாய் இருக்கலாம். எங்கட ஊரில், ஆளே திரும்பி வராத வீட்டில், ஆளின் இடத்தில் வேறொராளை வைப்பது விளையாட்டில்லை. அந்தப் பைலை அழித்தோம்.

அம்மம்மாதான் வழி சொன்னா. "அந்த நேரம் ஒரு படத்தைக் கடிதத்துக்குள்ள வைச்சு ரொறொன்ரோவுக்கு அனுப்பினது. தங்கச்சி வைச்சிருப்பாள்." எங்களுக்கு விளங்கியது. நாங்கள் தேடிய கொட்டில் கடலுக்கு அங்கால இருக்கு. 83க்குப் பிறகு வெளியில் போன ஆக்களுக்கு ஊரில் இருந்து போன கடிதங்களோடு படங்களும் போயின. இங்கே அல்பங்கள் போய்விட்டன. அங்கே சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கின்றன. வன்னியின் படக் காப்பகம் ரொறொன்ரோவிலும் பாரிசிலும் சூரிச்சிலும் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

அந்தத் தங்கச்சி அம்மா தேடி எடுக்க மூன்று மாதம் சென்றது. முதலில் போனால் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினா. வணக்கம் சொல்லிவிட்டு, ஸ்கான் செய்து 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லிக் கெஞ்சினோம். அவவின் பேரப்பிள்ளை 1200 டிபிஐயில் செய்து அனுப்பினது. பின்பக்கத்தையும் ஸ்கான் செய்திருந்தது. அதில் நீல மையில் நாலு பேரின் பெயரும் ஒரு திகதியும்.

மூன்று முகம் தெளிவு. அம்மம்மாவின் தம்பியின் முகம் மட்டும் கொஞ்சம் கலங்கல். கமரா திறந்த கணத்தில் தலையைத் திருப்பியிருக்கிறார். எங்களுக்கு மனம் விட்டுப்போச்சு. இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் அந்த முகம் மட்டும் இல்லை. லப்டொப்பை அம்மம்மாவுக்கு முன்னால் வைத்தோம்.

"ஓம், இவன்தான்" எண்டா. "ஒரு இடத்தில நிக்கமாட்டான்."

செய்ய நினைக்கிற ஆக்களுக்கு

நீங்களும் பழைய தொகுப்பு ஒன்றைத் திருத்துவதாய் இருந்தால் சில விசயம். பழைய படத்தை அழித்துவிட்டுப் புதுசைப் போடாதீர்கள். பவர்பொயின்டில் படத்தில் வலது கிளிக் செய்து 'சேஞ்ச் பிக்சர்' கொடுத்தால் இடமும் அசைவும் குழம்பாமல் படம் மட்டும் மாறும். அட்வான்ஸ்ட் ஒப்ஷன்சில் படங்களைச் சுருக்காதே என்பதைத் தெரிவு செய்யுங்கள், இல்லையெண்டால் சேமிக்கும்போது அது தன்பாட்டில் சுருக்கிவிடும். மூல ஸ்கானை வேறாக, ரிஃப் பைலாக வையுங்கள். பழைய சின்னப் படத்தையும் எறியாதீர்கள். எந்தப் படத்துக்குப் பதிலாக எது, ஆர் தந்தது, எப்ப தந்தது எண்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். படத்தின் பின்பக்கத்தைக் கட்டாயம் ஸ்கான் செய்யுங்கள்.

இன்னொன்று. கேட்டுச் செய்யுங்கள். 48இல் 29 படம் மாற்றினோம், 6 படத்தை எடுத்துவிட்டோம், 13 படம் பழையபடியே இருக்கு. அந்த 13இல் பத்துக்குப் பெரிய பிரதி கிடைக்கவில்லை. மிச்சம் மூன்றுக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர் வேண்டாம் எண்டார்கள். "முகம் தெரியாமல் அப்பிடியே இருக்கட்டும்" எண்டு ஒரு அம்மா சொன்னா. தெளிவு எல்லாருக்கும் நல்லது என்று நினைத்துப் போன எங்களுக்கு அது ஒரு அடி. ஏன் எண்டு கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பெரிய பைலை அவவிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.

கிடைக்காத பத்துப் படத்தையும் இந்த முறை இழுத்துப் பெரிசாக்கவில்லை. இருக்கிற அளவிலேயே, கறுப்புத் திரைக்கு நடுவில் சின்னனாய் விட்டோம். கீழே ஒரு வரி: 'இதன் மூலப் படம் உங்களிடம் இருந்தால் தாருங்கள்.'

போன மாதம் அதே மண்டபத்தில், அதே வேட்டியில் திரும்பக் காட்டினோம். உழவு மெசின் படம் வந்தபோது நாங்கள் அடுத்ததுக்குப் போகவில்லை. பின்வரிசையில் ஒருத்தர் மெசின் ஆருடையது எண்டு சொன்னார். இன்னொராள் அது எந்த வாய்க்கால் கரை எண்டு சொன்னா. மூன்றாவதாய் நிற்கிற பொடியன் இப்ப எங்கே எண்டு ஒரு கதை வந்தது. ஒரு படத்தில் இருபது நிமிசம் நின்றோம். எழுதிக்கொண்ட கொப்பியில் ஆறு பக்கம் நிரம்பியது.

காட்டி முடிந்து வேட்டியைக் கழற்றும்போது ஒரு ஐயா வந்து, கறுப்புத் திரையில் சின்னனாய் விட்ட படங்களில் ஒன்றைப் பற்றிக் கேட்டார். அதன் பெரிய படம் டென்மார்க்கில் தன்ர மச்சாள் வீட்டில் இருக்கலாமாம். நம்பர் தந்திருக்கிறார். இனி ஒன்பது.